“இருக்குது” என்று சொன்னவள்

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை எழுந்துவிட்டேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். பீங்கான் பட்டறையில் சூளைக்கு நெருப்புப் போட்டுப் பிழைத்தவன். எழுத்து எனக்கு வசப்பட்டதில்லை, அது ஒரு காரணம். இன்னொன்று, இது என் மனைவியின் காரியம். உயிரோடிருந்த நாளில் அவள் இதை யாரிடமும் நீட்டி முழக்கியதில்லை. அவள் மூடி வைத்ததை நான் ஊருக்குத் திறந்து காட்டலாமா என்று கர்த்தரிடம் கேட்டுக் கேட்டே வருஷங்கள் போய்விட்டன.

கடைசியில் என்னை உட்காரவைத்தது ஒரு பிரசங்கம். கம்மாபுரம் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த வாலிப ஊழியர் பரிசுத்த ஜீவியத்தைப் பற்றிப் பேசினார். நடுவில், “விருத்தாசலத்தில் ஒரு தாய் இருந்தாள்” என்று ஆரம்பித்தார். நான் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“தன் பிள்ளையின் சாவுக்குக் காரணமான மனிதன் மரணப்படுக்கையில் கிடந்தபோது, அந்தத் தாய் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து, உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று கண்ணீரோடு சொன்னாள். அவனும் கர்த்தருடைய பாத்திரத்தில் குடித்து மகிமைக்குள் போனான்” என்றார்.

பந்தல் முழுக்க அல்லேலூயா. பக்கத்திலிருந்தவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தாயின் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. அவள் அப்படிச் சொல்லவில்லை. அந்த மனிதர் அந்தப் பாத்திரத்தில் குடிக்கவும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அறுபதுகளில் எங்கள் சபை ஓர் ஓலைக்கொட்டகை. ரயில் ஜங்ஷனைத் தாண்டி, பட்டறைகளுக்குப் போகிற வழியில் இருந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் என்னைப்போல மண் வேலைக்காரர்கள். எவ்வளவு குளித்தாலும் காது மடலில் வெள்ளை மண் ஒட்டியிருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்போம். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஒப்புரவு. மற்ற சபைகளில் இந்த வழக்கம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் ஒருவர் வீட்டு வாசலுக்கு ஒருவர் போய், “என் மேல ஏதாவது இருக்குதா?” என்று கேட்போம். “ஒண்ணும் இல்லீங்க, தோத்திரம்” என்று பதில் வரும். அடுத்த வாசலுக்குப் போவோம். யாராவது “இருக்குது” என்று சொல்லிவிட்டால், கேட்டவரும் சொன்னவரும் மறுநாள் பாத்திரத்தைத் தொடக்கூடாது, கடைசிப் பாயில் உட்கார வேண்டும். அதனால் யாரும் சொன்னதில்லை. அவசர அவசரமாக முடித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவோம்.

ஒருமுறை இரண்டு பெண்களுக்கு நடுவில் கோழிச் சண்டை. சனிக்கிழமை ஒருத்தி வந்து கேட்க, மற்றவள், “உன் மேல ஒண்ணும் இல்ல. உன் கோழி மேலதான் இருக்குது” என்றாள். “அப்ப கோழியப் புடிச்சாறேன், அதுங்கூட ஒப்புரவாயிக்கோ” என்று இவள் சொல்ல, இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான் எங்கள் ஒப்புரவு.

எங்களை விசுவாசத்துக்குள் கொண்டுவந்தவர் பொம்மை வார்க்கிற ஒருவர். என்னைவிட மூத்தவர், நாங்கள் அண்ணன் என்போம். பட்டறை வேலை போக, தன் வீட்டுப் பின்கட்டிலும் மண் ஊறவைத்துப் பொம்மை வார்த்து விற்பார். சபையின் திருவிருந்துப் பாத்திரம்கூட அவர் கையால் செய்ததுதான். பிடியில்லாத வெள்ளைக் குவளை. நான்தான் சூளையில் வைத்துச் சுட்டேன். அடியில் அவருடைய கட்டைவிரல் பதிந்த பள்ளம் ஒன்று தங்கிவிட்டது. “தேச்சு எடுத்துருக்கலாம், விட்டுட்டேன் தம்பி” என்று சொல்லுவார்.

எங்களுக்கு ஒரே பெண் குழந்தை. நாலு வயது. அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அவள் பாதிநேரம் அங்கேதான் இருப்பாள். உடைந்த பொம்மைகளுக்குச் சோறு ஊட்டுவாள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை.

அண்ணன் வீட்டுப் பின்கட்டில் தரை மட்டத்துக்கு ஒரு தொட்டி. மண்ணைக் கூழாகக் கரைத்து ஊறப்போடுவார்கள். ஆள் இடுப்பளவு ஆழம். அதன்மேல் எப்போதும் கனமான பலகைகள் கிடக்கும். அந்த வாரம் எங்கள் சபையில் விசேஷக் கூட்டம், பரிசுத்தத்தைப் பற்றித்தான். பிரசங்கியார் நிற்க மேடை வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணன் தொட்டிப் பலகைகளை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு போனார். தொட்டிமேல் ஒரு சாக்கை விரித்துவிட்டுப் போனார், திரும்பி வந்து வேறு எதையாவது போடலாம் என்று. சாக்கின்மேல் மண்தூள் படிந்து தரையும் அதுவும் ஒரே வெள்ளையாகத் தெரிந்திருக்கும்.

அதற்குமேல் அந்த நாளை எழுத எனக்குச் சக்தியில்லை. அண்ணன்தான் அவளை வெளியே எடுத்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக, அவர் வார்க்கிற பொம்மையைப்போல இருந்தாள். என் மனைவி தன் முந்தானையால் முதலில் அவள் கண்களைத் துடைத்தாள். அவ்வளவு சொன்னால் போதும்.

அண்ணன் அன்றைக்கே தொட்டியை மண்போட்டு மூடினார். அதற்குப்பின் வீட்டில் அவர் பொம்மை வார்க்கவில்லை. சபையில் எல்லாரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள். “தேவ காரியத்துக்குத்தானே பலகைய எடுத்தாரு. கர்த்தர் சித்தம்.” என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் போனபின் என்னிடம், “பலகை ஜெபத்துக்குப் போனா இன்னா, கூத்துக்குப் போனா இன்னா? குழி தொறந்துதானங்க கெடந்துச்சு” என்றாள்.

அடுத்த ஒப்புரவுச் சனிக்கிழமை வந்தது. அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இளைத்துப்போயிருந்தார்.

“என் மேல ஏதாவது இருக்குதா?”

“ஒண்ணும் இல்லண்ணே, தோத்திரம்” என்றேன் நான். மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிட்டேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இருக்குதுண்ணே” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். “சரி தங்கச்சி” என்றுவிட்டுப் போனார். மறுநாள் பெண்கள் பக்கத்தின் கடைசிப் பாயில் அவளும், ஆண்கள் பக்கத்தின் கடைசிப் பாயில் அவரும் உட்கார்ந்தார்கள். நான் முன்னால் உட்கார்ந்து பாத்திரத்தில் குடித்தேன்.

ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று எல்லாரும் எண்ணினார்கள். ஆகவில்லை. மாதாமாதம் அவர் வந்து கேட்டார். மாதாமாதம் அவள் “இருக்குதுண்ணே” என்றாள். வெயிலில் வந்தால் மோர் கொடுப்பாள். அண்ணிக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக்கொண்டு போவாள். ஆனாலும் கேட்டால் “இருக்குது” என்பாள். சபையில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருத்தியின் கல்மனசால் ஒரு பரிசுத்தவான் பந்திக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாரே என்று பேசிக்கொண்டார்கள். போதகர் ஐயா வீட்டுக்கே வந்தார்.

“மகளே, மன்னிச்சேன்னு வாயால சொல்லும்மா. சொல்லச் சொல்ல மனசு தானா வந்துடும்” என்றார்.

“ஐயா, வாயால சொன்னா அவரு நம்பிடுவாரு. கர்த்தர் நம்புவாருங்களா?”

“விசுவாசத்துல சொல்லணும்.”

“விசுவாசத்துல பொய் சொல்லச் சொல்றீங்களா ஐயா?” கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஐயா ஜெபம்பண்ணிவிட்டுப் போனார்.

அவளை எனக்குத் தெரியும். வெறுப்பை வளர்த்து வைக்கிற பெண்ணல்ல. அதைக் களைந்துபோட அவள் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாள். விடியலில் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, அண்ணன் பேரைச் சொல்லி ஆசீர்வதித்து ஜெபிப்பாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

“தேடிப் பாக்கறேங்க. அரிசி களையறப்ப, துணி தொவைக்கறப்ப உள்ள தேடிப் பாக்கறேன். போயிடுச்சுன்னுதான் தோணுது. அப்பறம் வேலிக்கு அந்தாண்ட அவரு இருமற சத்தம் கேக்குது. வயித்துல வந்து புடிக்குது. அப்ப இருக்குதுன்னுதான அர்த்தம்?”

“எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்” என்றேன்.

“எல்லாரும் கேக்கறதில்லயே. அவரு கேக்கறாரே” என்றாள்.

எழுபதுகள் பிறந்தன. அண்ணனின் இருமல் நிற்கவில்லை. மண்தூள் மாரில் கட்டிவிட்டது என்றார்கள். எங்கள் வேலையில் அது புதிதல்ல. படுக்கையில் விழுந்தார். இனி வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐயா திரும்ப வந்தார். சாகிறதற்குமுன் ஒருதரம் அவர் பந்தியில் பங்குபெற வேண்டாமா என்று கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். “ஒரு வார்த்த. இல்லன்னு ஒரு வார்த்த. அதுக்குமேல கர்த்தர் பாத்துக்குவாரு” என்றேன். அவள் அழுதாள். அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் தலையை வாரிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனாள். நான் பின்னால் போனேன்.

அண்ணன் கட்டிலில் தலையணைகளுக்குமேல் சாய்ந்திருந்தார். அண்ணி கஞ்சித் தம்ளரோடு பக்கத்தில் நின்றார். தலைமாட்டில் ஒரு துணியைப் போட்டு மூடி, அந்த வெள்ளைக் குவளையை ஐயா வைத்திருந்தார். அவள் என்ன சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தோம்.

அண்ணன் மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டார். “என் மேல... ஏதாவது இருக்குதா தங்கச்சி?”

அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“கொறைஞ்சிருக்குதுண்ணே. நெறைய கொறைஞ்சிருக்குது. ஆனா இருக்குது.”

அண்ணி கையிலிருந்த தம்ளரைத் தரையில் ணங்கென்று வைத்தார். “சாவப்போற மனுசன்டி! ஒரு வார்த்த வாயில வராதா ஒனக்கு? நீயெல்லாம் ஒரு ஜெபம் பண்றவளா?”

அண்ணன் கையை லேசாகத் தூக்கி அண்ணியை அடக்கினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவளத் திட்டாத. ஊரே இல்ல இல்லன்னுச்சு. தொறந்து போட்டது நான்னு எனக்குத் தெரியாதா? இவ ஒருத்திதான் எங்கிட்ட நெஜம் பேசுனா. அதனாலதான் மாசாமாசம் அந்த வாசப்படிக்குப் போக முடிஞ்சுது.” பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

ஐயா குவளையை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே அண்ணன் போய்விட்டார்.

அடக்கமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு மத்தியானம். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. “ஏங்க, இங்க வாங்க” என்று கூப்பிட்டாள். ஏதோ கொட்டிவிட்டதாக்கும் என்று போனேன்.

“அது இல்லீங்க.”

“எது?”

“அண்ணன் மேல இருந்தது. எப்பப் போச்சுன்னு தெரியல. நல்லாத் தேடிட்டேன். இல்ல.”

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். குழந்தை போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. புளித்தண்ணீர்க் கையால் தலையில் அடித்துக்கொண்டாள். “கேக்கறதுக்கு அவரு வரமாட்டாரேங்க. இனிமே யாரு வந்து கேப்பாங்க?”

அந்தச் சனிக்கிழமை அவள் அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றாள். “அண்ணி, அண்ணன் மேல ஒண்ணும் இல்ல எனக்கு” என்றாள்.

அண்ணி முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “இப்ப வந்து யாருகிட்ட சொல்ற?”

“என் மேல ஏதாவது இருக்குதா அண்ணி?” என்று கேட்டாள் என் மனைவி.

“இருக்குது” என்றார் அண்ணி.

ஆக, மறுபடியும் கடைசிப் பாய். இப்போது பெண்கள் பக்கத்திலேயே இரண்டு பேர், பாயின் இந்த மூலையில் ஒருத்தி, அந்த மூலையில் ஒருத்தி. சில மாதத்தில் அண்ணி வீட்டைக் காலிசெய்துகொண்டு திட்டக்குடியில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். இத்தோடு தீர்ந்தது என்று ஐயா நினைத்தார். ஊரில் இல்லாதவரிடம் கேட்க வேண்டியதில்லையே. ஆனால் முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள் மத்தியானம் என் மனைவி மஞ்சள் பையை எடுத்துக்கொண்டாள். “திட்டக்குடி பஸ்ஸுக்குப் போயிட்டு வரேங்க” என்றாள்.

வருஷக்கணக்கில் போனாள். சிலசமயம் நானும் கூடப் போவேன். அண்ணி அவளைக் கண்டதும், “வந்துட்டா பாரு, கந்துவட்டி வசூலுக்கு வர்றவ மாதிரி” என்பார். உடனே இலை போடுவார். கருவாட்டுக் குழம்பு இருக்கும். இவள் முறுக்கு சுட்டுக்கொண்டு போயிருப்பாள். “உப்பு தூக்கலா இருக்குது. பஸ்ஸுல அழுதுகிட்டே வந்தியா?” என்று அண்ணி கிண்டல் செய்வார். இரண்டு பேரும் அந்த ஊர் ஏரித் தண்ணீரைப் பற்றி, நடவைப் பற்றி, மூட்டுவலியைப் பற்றிப் பேசுவார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று இவள் கேட்பாள். “இருக்குது. பாத்துப் போ, கடைசி பஸ்ஸு போயிடப்போவுது” என்பார் அண்ணி. இவள் தலையாட்டிவிட்டு நடப்பாள். அண்ணன் தலையாட்டின மாதிரியே ஆட்டுவாள்.

எழுபதுகளின் கடைசியில் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. பஸ் ஏற முடியாமல் போன முதல் மாதம், திங்கட்கிழமை காலையில் அண்ணி துணிமூட்டையோடு வந்து நின்றார். “சனிக்கிழம நீ வரலயே. சோத்த வடிச்சு வெச்சிட்டுக் காத்திருந்தேன்” என்றார். அதற்குப்பின் போகவில்லை. அவளைக் குளிப்பாட்டினது, துணி மாற்றினது, இரவும் பகலும் பக்கத்தில் கிடந்தது எல்லாம் அண்ணிதான். கூடப்பிறந்தவள்கூட அப்படிச் செய்யமாட்டாள்.

ஒரு ஒப்புரவுச் சனிக்கிழமை, அண்ணி அவள் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். இவள் வாயைத் திறந்தாள். கேட்கப்போகிறாள் என்று தெரிந்து அண்ணி சீப்பை நிறுத்தினார்.

“கேக்காத புள்ள. கேட்டா நான் நெஜத்தத்தான் சொல்லணும்.”

இவள் சிரித்தாள். “அப்ப கேக்கல. நீங்க வாருங்க.”

மறுநாள் ஐயா பாத்திரத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார். “அண்ணி இன்னும் சொல்லலீங்க ஐயா” என்று இவள் திருப்பி அனுப்பிவிட்டாள். ஐயா அண்ணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தைதானே என்று என் உள்ளம் கூவிற்று. அண்ணி சுவரைப் பார்த்து நின்றார், தோள் குலுங்கிற்று, வாய் திறக்கவில்லை. அடுத்த முதல் ஞாயிறு வருவதற்குள் என் மனைவி கர்த்தரிடம் போய்விட்டாள். அந்தக் குவளையில் குடிக்காமலே போனாள்.

அண்ணி திட்டக்குடிக்குத் திரும்பிப் போய் வெகுநாள் செய்தியில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்.

“அவ மேல ஒண்ணும் இல்ல தம்பி இப்ப. போயிடுச்சு.”

“இப்ப யாருகிட்ட சொல்றீங்க?” என்றேன்.

“தெரியும். நானும் அவள அப்படிக் கேட்டவதான” என்றார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “சரி, உன்னத்தான் கேக்கணும். என் மேல ஏதாவது இருக்குதா?”

எத்தனையோ வருஷமாக எத்தனையோ வாசல்களில் நான் சொல்லிப் பழகிய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒண்ணும் இல்லண்ணி, தோத்திரம். அதைச் சொல்லியிருந்தால் அவர் பஸ் ஏறியிருப்பார், நான் மறுநாள் முன்பாயில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் என் மனைவி அன்று பிடித்து நின்ற அதே வாசல் நிலையைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடித் தேடிப் பார்த்தேன். உள்ளே எவ்வளவு கிடந்தது! அண்ணி சொல்லாத ஒரு வார்த்தை கிடந்தது. அதற்கும் அடியில், வெள்ளையாக, அந்தத் தொட்டி கிடந்தது. ஒன்றும் இல்லை என்று அண்ணன் முகத்தைப் பாராமல் நான் சொன்ன நாளிலிருந்து அது மூடாமல் அப்படியே கிடந்திருக்கிறது.

“இருக்குதுண்ணி” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “சரி. அடுத்த மாசம் வரேன்.”

மறுநாள் நான் கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பாத்திரம் கைமாறிக் கைமாறிப் போவது நன்றாகத் தெரியும். என் மனைவி எத்தனை வருஷம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ என்று நினைத்துக்கொண்டேன். பரிசுத்தத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் ஏராளம். அது எத்தனை கடினம் என்று அந்தப் பாயில்தான் எனக்குப் பிடிபட்டது.

அண்ணி மாதாமாதம் வந்தார். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போனபின் ஒரு நாள் நான் “இல்லண்ணி” என்றேன். அது நிஜம். மறுநாள் நாங்கள் இருவரும் குடித்தோம். குவளை என் கைக்கு வந்தபோது அடியில் அண்ணனின் விரல் பள்ளத்தில் என் விரல் போய் உட்கார்ந்தது. இதைச் செய்தவருக்கும் கிடைக்கவில்லை, இதற்காக ஏங்கினவளுக்கும் கிடைக்கவில்லையே என்று அழுதேன். ஆறுதலாக இருந்தது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

இதைப் படிக்கிறவர்கள் சபையில் சொல்ல விரும்பினால் சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், முடிவை இனிப்பாக்கிவிடாதீர்கள். அண்ணன் குடிக்கவில்லை. அவள் குடிக்கவில்லை. கட்டிலண்டை நின்று, கண்ணை மூடித் தேடிப் பார்த்துவிட்டு, என் மனைவி “இருக்குது” என்றுதான் சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்லுங்கள்.